ஊற்றடிச் சதுப்பு வெயிலில் குளிர்வதும் உறைபனியில் காப்பதும் எப்படி?

தம்பி, நீங்கள் கேட்டதை மற்றவர்களும் அறியும்படி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கை அடுத்த ஒரு பள்ளத்தாக்கில் உங்கள் குடும்பத்தின் காய்கறித் தோட்டம் இருக்கிறது. மேல்கோடியில் ஓர் ஊற்று. அது விழுந்து பரவும் இடத்தில் கோரையும் நாணலும் மண்டிய ஐந்து ஏக்கர் சதுப்பு. அதன் இரு கரைகளிலும் உங்கள் பாத்திகள். இங்கே கோடையில் வரும் தைப்பூசக் காவடி சமயத்து வெயிலில் ஊரே வெந்தாலும் சதுப்போரம் குளுமையாக இருக்கிறது. குளிர்காலத்தில் வரும் ஆடிக் கூழ் வார்க்கும் நாட்களின் விடியற்காலையிலோ அதே ஊற்றிலிருந்து ஆவி எழுகிறது. ஊற்றுக்கு அருகிலுள்ள பீன்ஸ் தப்பித்துக்கொள்கிறது, கீழ்க்கோடிப் பாத்திகள் உறைபனியில் கருகிவிடுகின்றன. ஒரே தண்ணீருக்கு ஏன் இந்த இரண்டு குணம் என்பது உங்கள் முதல் கேள்வி. பக்கத்து நிலத்துக்காரர் வாய்க்கால் வெட்டிச் சதுப்பை வடித்துத் தைலமரம் நடப்போவதாகச் சொல்கிறாரே, அதனால் எங்கள் பக்கத்துக் குளுமை போய்விடுமா என்பது இரண்டாவது.

ஊற்று நீரின் குளிர்ச்சி, ஊற்றுக்கண்ணைச் சுற்றிய சிறிய வட்டத்துக்குள்தான் நேரடியாக வேலை செய்யும். ஐந்து ஏக்கரையும் குளிர்விப்பது அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போவதுதான். ஆவியாவதற்குத் தண்ணீர் மழையில்லாத மாதங்களிலும் இடைவிடாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். ஆகவே, ஊற்று எவ்வளவு குளிர்ந்தது என்பதைவிட எவ்வளவு தவறாமல் சுரக்கிறது என்பதுதான் உங்கள் பள்ளத்தாக்கின் தட்பவெப்பத்தைத் தீர்மானிக்கிறது. உங்கள் இரண்டாம் கேள்விக்கான விடையும் இதற்குள்ளேயே இருக்கிறது.

தண்ணீரின் வெப்பநிலையிலிருந்து தொடங்குவோம். வெயிலும் குளிரும் மண்ணுக்குள் இறங்க இறங்க மங்கிக்கொண்டே போகும். 10 முதல் 15 மீட்டர் ஆழத்தில் தை மாதத்துக்கும் ஆடி மாதத்துக்கும் வித்தியாசமே தெரியாது. அந்த ஆழத்தில் இருக்கும் நிலத்தடி நீர், அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டியே நிற்கும். உங்கள் பகுதியில் அது 18 டிகிரி செல்சியஸை ஒட்டியது. கோடையில் காற்று 35 டிகிரிக்கு ஏறும்போது 18 டிகிரித் தண்ணீர் கையைச் சில்லிட வைக்கிறது. குளிர்காலத்தில் விடியற்காலைக் காற்று பூஜ்யத்துக்கு இறங்கும்போது அதே 18 டிகிரி வெதுவெதுப்பாகப்படுகிறது. தண்ணீர் மாறவில்லை, சுற்றியுள்ள காற்றுதான் மாறுகிறது. ஆடி மாதத்து ஆவி அதனால்தான்: வெதுவெதுப்பான நீர்ப்பரப்பிலிருந்து எழும் ஈரம், மேலே உள்ள குளிர்ந்த காற்றில் பட்டதும் நுண்துளிகளாகிவிடுகிறது.

மழைநீர் எங்கே மண்ணுக்குள் இறங்கியது, எவ்வளவு ஆழம் போய்த் திரும்பியது என்பவற்றைப் பொறுத்து இந்த எண் சற்று நகரும். ஆயிரம் மீட்டர் உயரத்துக்குக் காற்று சுமார் ஆறரை டிகிரி குளிர்கிறது. மேட்டில் இறங்கிய நீர் குளிர்ச்சியாகவே பயணத்தைத் தொடங்கும். பாறைக்குள் 100 மீட்டர் ஆழம் போனால் இரண்டு மூன்று டிகிரி சூடேறும். ஆழம் போய் வந்த நீர்தான் கிரேடவுன் ஊருக்கு அப்பால் லிலானியில் வெந்நீர் ஊற்றாக வெளிப்படுகிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைச் சுற்றிய நம் மிட்லண்ட்ஸ் மேட்டுப் பகுதியின் ஊற்றுகளில் பெரும்பாலானவை அத்தனை ஆழம் போவதில்லை. மென்களிப் பாறைகளுக்கு இடையே சுவர் போலவும் பலகை போலவும் கிடக்கும் கருங்கல் டோலரைட்டில் மோதி, மேற்கொண்டு செல்ல வழியில்லாமல் சரிவில் வெளியே வந்துவிடுகின்றன.

இப்போது கணக்குக்கு வருவோம், ஏனென்றால் கணக்கைப் போடாமல்தான் பலரும் எல்லாப் புகழையும் 'சில்லென்ற தண்ணீருக்கு'க் கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் ஊற்று வினாடிக்கு 2 லிட்டர் சுரப்பதாக வைத்துக்கொள்வோம்; ஒரு நாளைக்கு 1,72,800 லிட்டர். அது சதுப்பில் பரவி 8 டிகிரி சூடேறினால், சுற்றுப்புறத்திலிருந்து அது வாங்கிக்கொள்ளும் வெப்பம் சுமார் 67 கிலோவாட். ஊற்றுக்கண்ணைச் சுற்றி 100 சதுர மீட்டருக்குள் இது நடந்தால் உச்சிவெயிலின் பெரும்பகுதியையே ஈடுகட்டிவிடும். ஐந்து ஏக்கரில், அதாவது 2 ஹெக்டேரில் பரப்பினாலோ சதுர மீட்டருக்கு மூன்று நான்கு வாட்தான். காற்று அதை உணரவே உணராது. அதே 2 ஹெக்டேரில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாகிறது என்று கொள்ளுங்கள். பசுமையான கோரைக்கு நல்ல வெயில் நாளில் இது இயல்பான அளவு. ஒரு லட்சம் லிட்டர் ஆவியாகிறது. ஒரு லிட்டர் ஆவியாக ஏறத்தாழ 2,450 கிலோஜூல் வெப்பம் தேவை. அதே லிட்டர் 8 டிகிரி சூடேற 33 கிலோஜூல் போதும். பகலிரவு சேர்த்துச் சராசரி எடுத்தால், ஆவியாதல் விழுங்கும் வெப்பம் சுமார் 2,800 கிலோவாட். குளிர்ந்த நீர் நேரடியாக வாங்கிக்கொள்வதைப் போல நாற்பது மடங்குக்கு மேல். மண்பானையில் வெந்நீரை ஊற்றி வைத்தாலும் மறுநாள் அது குளிர்ந்துதான் கிடக்கும். பானையின் உடலில் கசியும் ஈரம் ஆவியாவதுதான் காரணம். சதுப்பும் அப்படித்தான்.

இந்தக் கணக்கில் இன்னொன்றையும் கவனியுங்கள். சதுப்புக்குத் தேவை ஒரு லட்சம் லிட்டர். ஊற்று தருவது 1,72,800. மழையே இல்லாவிட்டாலும் மிச்சம் கீழே ஓடையில் இறங்குகிறது. ஊற்று இல்லாமல் மழையை மட்டும் நம்பிய தாழ்நிலமாக இருந்தால், மழை நின்ற சில வாரங்களில் மேல்மண் காய்ந்து, வெயிலின் வெப்பம் முழுவதும் மண்ணையும் காற்றையும் சூடாக்கவே போயிருக்கும். ஊற்றுச் சதுப்பு வறட்சிக் காலத்தில் சுற்றுப்புறத்திலிருந்து தனித்துத் தெரிவது இதனால்தான். மழை நன்றாகப் பெய்யும் மாதத்தில் புல்வெளியும் ஈரமாகவே இருக்கிறது, வித்தியாசம் குறைவு. நிலம் எவ்வளவுக்கு எவ்வளவு காய்கிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு ஊற்றின் மதிப்பு கூடுகிறது.

நாணலுக்கும் இதில் பெரும்பங்கு உண்டு. அது வேரால் உறிஞ்சி இலை வழியே நீரை விடுகிறது. அடியில் நிழல் தருகிறது. காற்றைத் தடுத்துக் குளிர்ந்த காற்று கலைந்துபோகாமல் வைத்திருக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது, தரையோடு படிந்து கிடக்கும். சதுப்புக்குள் நடக்கும்போது முழங்காலுக்குக் கீழே சில்லென்றும் முகத்தில் வெயில் சூடாகவும் படுவது இதனால்தான். அந்தக் குளுமை எவ்வளவு தூரம் போகும் என்றால், ஐந்து ஏக்கர் சதுப்புக்குக் காற்று வீசும் திசையில் சில பத்து மீட்டர்கள்தான். அதற்கு மேல் கலந்து மறைந்துவிடும். ஒரு சதுப்பு ஊர் முழுவதையும் குளிர்விக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் கரைப் பாத்திகள் அந்த எல்லைக்குள் இருக்கின்றன, உங்களுக்கு அது போதும்.

குளுமையோடு ஈரப்பதமும் வருகிறது. சதுப்போரத்துப் பீன்ஸ் இலைகளில் பனித்துளி நெடுநேரம் தங்கும்; துரு நோய் அங்கேதான் முதலில் தலைகாட்டும். வரிசைகளைச் சற்று அகலமாக விடுவது நல்லது.

குளிர்காலத்தில் கதை மாறுகிறது. மிட்லண்ட்ஸ் நாணல் முதல் உறைபனியிலேயே காய்ந்து பழுப்பாகிவிடும். தண்ணீர் காலடியில் நின்றாலும் செத்த தண்டுகள் அதை உறிஞ்சுவதில்லை. விழுந்த சருகு நீர்ப்பரப்பையும் மூடிவிடுகிறது. ஆகவே ஆவியாதல் வெகுவாகக் குறைகிறது. ஆவணி வாக்கில் உள்நாட்டு மேட்டிலிருந்து இறங்கும் பெர்க் காற்று, சூடாகவும் வறட்சியாகவும் அடிக்கும் நாட்களில் சதுப்பு எதிர்பார்த்த அளவு குளிர்விக்காததற்கும் இதுவே காரணம். ஊற்றுக்கண்ணை ஒட்டி எப்போதும் பச்சையாக நிற்கும் கோரைத் திட்டு மட்டும் அப்போதும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

உறைபனி இரவுகளில்தான் தண்ணீரின் நேரடி வெப்பம் கணக்கில் வருகிறது. மேகமில்லாத இரவில் நிலம் வானை நோக்கிச் சதுர மீட்டருக்குச் சுமார் 70 வாட் வெப்பத்தை இழக்கிறது. வினாடிக்கு 2 லிட்டர் நீர் 18 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குக் குளிர்ந்தால் சுமார் 84 கிலோவாட் வெளிவிடும். இரண்டையும் வகுத்தால் 1,200 சதுர மீட்டர் கிடைக்கிறது, கால் ஏக்கருக்குச் சற்று மேல். அதாவது உங்கள் ஊற்று, இரவு முழுவதும் ஈடுகொடுத்துக் காக்கக்கூடிய பரப்பு அவ்வளவுதான். மேல்கோடிப் பீன்ஸ் அந்தப் பரப்பின் ஓரத்தில் நிற்கிறது, பிழைத்துக்கொள்கிறது. தண்ணீர் கீழ்க்கோடிக்கு வந்து சேரும்போது கொடுக்க வேண்டியதையெல்லாம் கொடுத்து முடித்துவிட்டது.

கீழ்க்கோடியில் இன்னொரு தொல்லையும் சேர்கிறது. அதற்கும் ஊற்றுக்கும் தொடர்பில்லை. இரவில் சரிவுகளில் குளிர்ந்த காற்று தண்ணீரைப் போலவே பள்ளத்தை நோக்கி வழிந்து தேங்கும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரே இத்தகைய ஒரு கிண்ணத்தில்தான் அமர்ந்திருக்கிறது. குளிர்காலக் காலைகளில் புகை மேலே போகாமல் நகரின் மீதே படிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலே வெதுவெதுப்பு, கீழே குளிர் என்று அடுக்கு தலைகீழாகிவிடுகிறது. உங்கள் பள்ளத்தாக்கின் அடியில் அதே காற்று தேங்கி, காய்ந்த நாணல் தடுப்பால் நகர முடியாமல் நிற்கிறது. சதுப்புதான் உறைபனியைக் கொண்டுவருகிறது என்று சிலர் பழிசொல்வது இதைப் பார்த்துத்தான். பள்ளம் கொண்டுவருவதைச் சதுப்பின் தலையில் கட்டுகிறார்கள். நகருக்கு மேலே உள்ள ஹில்டன் மேட்டை மூடும் வெண்பனிமூட்டத்தையும் இதோடு சேர்க்க வேண்டாம். அது கடலிலிருந்து ஈரக்காற்று மேடேறிக் குளிர்வதால் வருவது.

நீரில் ஊறிய மண் தானாகவும் காக்கிறது. நீர் நிறைந்த பீட் மண், அதாவது முழுதாக மக்காமல் படிந்த செடிகொடி எச்சம், காய்ந்த பீட்டைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். பகலில் வாங்கியதை ஆழத்தில் சேர்த்து வைத்து இரவில் மேலே அனுப்பும். காய்ந்த பீட் ஒரு போர்வையைப் போலக் கீழே உள்ள வெப்பத்தை அடைத்துவிடும். அதன் மேற்பரப்பு பகலில் கொதிக்கும், இரவில் உறையும்.

இதிலிருந்துதான் வாய்க்கால் கேள்விக்குப் போக வேண்டும். நம் நாட்டிலேயே ஊற்றும் கசிவும் என்ன செய்யும் என்பதற்குப் பெரிய சான்று கடலோர ஏரிப் பகுதியான செயின்ட் லூசியா. அங்கே கிழக்குக் கரையின் மணல்மேடுகள் மழையை உறிஞ்சி வைத்து, அடிவாரத்தில் ஆண்டு முழுவதும் கசியவிடுகின்றன. அந்தக் கசிவில் வளர்ந்த ம்ஃபபேனி பீட் சதுப்பு ஏறத்தாழ 45,000 ஆண்டுகளாகத் தொடர்ந்து படிந்து வருகிறது. இன்றும் உயிருடன் இருக்கும் உலகின் மிகப் பழைய பீட் நிலங்களில் ஒன்று. பக்கத்து மணல்மேட்டுப் புல்புதர் வெளியேற்றுவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு நீரை அந்தச் சதுப்பு ஆவியாக வெளியேற்றுகிறது. தன் குளுமையைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. 2006-ஆம் ஆண்டு வறட்சியின் உச்சத்தில் செயின்ட் லூசியா ஏரியின் பரப்பில் சுமார் 90 விழுக்காடு வற்றிப்போயிற்று; மிஞ்சிய நீர் கடலைவிட உவர்ப்பாயிற்று. அப்போதும் கிழக்குக் கரையோரம் நன்னீர் கசிந்துகொண்டே இருந்தது. நன்னீர் உயிர்கள் அந்தக் குறுகிய ஓரத்தில் ஒதுங்கிப் பிழைத்தன. கலஹாரிப் பாலைவனத்தின் விளிம்பில் உள்ள குருமான் ஊரும் அப்படித்தான்: டோலமைட் பாறையிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கோடி லிட்டர் சுரக்கும் ஒரே ஊற்றுக்கண்ணைச் சுற்றி எழுந்த பசுமை.

இத்தகைய நிலத்தை வடித்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இருக்கிறது. உறைபனிக்குப் பயந்து ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் தெற்கே போனார்கள்; அங்கே சதுப்புகளை வடித்துப் பயிரிட்டார்கள். நீர் தேங்கிய பழைய நிலப்பரப்பையும் வடித்த நிலப்பரப்பையும் கணினி மாதிரியில் ஒப்பிட்டபோது, வடித்த நிலத்தில் உறைபனி இரவுகள் இன்னும் கடுமையாகவும் நீண்டும் இருந்தன. உறைபனியிலிருந்து தப்பிக்கப் போனவர்கள், தங்களைக் காத்துக்கொண்டிருந்த நீரையே வெளியேற்றிவிட்டார்கள். உங்கள் பள்ளத்தாக்கில் வாய்க்கால் வெட்டினால் அளவு சிறிதாக இருக்குமே தவிர, நடப்பது இதுதான்: கோடையில் ஆவியாதல் குறைந்து கரை சூடேறும், குளிரில் காய்ந்த மேல்மண் இன்னும் வேகமாக உறையும், குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்குவது மட்டும் மாறாமல் தொடரும். அதோடு, காய்ந்த பீட் தீப்பிடித்தால் மண்ணுக்கடியில் மாதக்கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும், அணைப்பது மிகக் கடினம்.

தைலமரத்தைப் பற்றி எனக்கு இன்னும் அதிகக் கவலை. வாய்க்காலை மண்போட்டு அடைத்துவிடலாம். மரம் ஊற்றின் மூலத்தையே குடித்துவிடும். ம்புமலாங்கா மாகாணத்தில் மோகோபுலான் என்ற இடத்தில் புல்வெளி நீர்ப்பிடிப்புகளில் மரம் நட்டு ஓடைகளை ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். தைலமரம் நட்ட ஒன்பதாம் ஆண்டில் அங்கிருந்த ஓடை முற்றிலும் வற்றியது. பைன் நட்ட இடத்தில் பன்னிரண்டாம் ஆண்டில். பதினாறு வயதில் தைலமரங்களை வெட்டிய பிறகும், ஓடை பழையபடி ஆண்டு முழுவதும் ஓடுவதற்கு ஐந்து ஆண்டுகள் பிடித்தன. ஆழத்தில் இழந்த நீரை மண் முதலில் நிரப்பிக்கொண்டது. இதை உங்கள் பக்கத்து நிலத்துக்காரரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். அவருடைய கிணற்றுக்கும் அதே நீர்தானே.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 1983-ஆம் ஆண்டின் வேளாண் வளப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள், எழுத்துமூல அனுமதியின்றிச் சதுப்பை வடிப்பதையும் உழுவதையும் தடுக்கின்றன. 1998-ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டம், நீரோட்டத்தைத் திருப்புவதற்கும் வணிகத் தோப்பு நடுவதற்கும் உரிமம் கேட்கிறது. இந்த விதிகள் உங்களுக்கும் பொருந்தும்: பாத்திகள் கரையோடு நிற்க வேண்டும், சதுப்புக்குள் இறங்கக் கூடாது. இந்தியாவிலிருந்து வந்து ஒப்பந்தக் கூலி முடித்து வெளியே வந்த நம் முன்னோர் பலருக்குக் கிடைத்ததெல்லாம் யாரும் விரும்பாத இத்தகைய தாழ்ந்த ஈரநிலம்தான். அதைக் காய்கறிக்குப் பழக்கியவர்கள் அவர்கள். அந்த ஈரத்தின் அருமை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒரு சாதாரண வெப்பமானியை மாதம் ஒருமுறை ஊற்றுக்கண்ணில் வைத்துப் பார்த்து எழுதுங்கள். ஆண்டு முழுவதும் ஒரு டிகிரிக்குள் நின்றால் நீர் ஆழத்தில் நீண்ட நாள் தங்கி வருகிறது, ஒரு மழை பொய்த்தாலும் தாங்கும். கோடைக்கும் குளிருக்கும் இடையே பல டிகிரி மாறினால் அது மேலோட்டமான கசிவு. வறட்சி வந்தால் முதலில் அதுதான் நிற்கும். ஒரு வாளியையும் கடிகாரத்தையும் வைத்துச் சுரப்பின் அளவையும் அதே நாளில் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் மரமோ ஆழ்துளைக் கிணறோ வந்தால் எந்தப் பேச்சுவார்த்தைக்கும் அந்தப் பதிவு தேவைப்படும். இரவில் இறங்கும் மிகக் குறைந்த வெப்பநிலையைக் காட்டும் வெப்பமானி மூன்றை வாங்கி மேல்கோடி, நடு, கீழ்க்கோடி என்று பீன்ஸ் உயரத்தில் கட்டுங்கள். ஒரே குளிர்காலத்தில் உங்கள் நிலத்தின் உறைபனி வரைபடம் கையில் கிடைத்துவிடும்.

புரட்டாசி விரதத்துக்குச் சந்தையில் பீன்ஸ் விற்க வேண்டுமானால் ஆடியிலேயே விதைத்தாக வேண்டும், உறைபனி இன்னும் போயிருக்காது. அந்த விதைப்பை ஊற்றுக்கண்ணை ஒட்டிய கரைப் பாத்திகளில் மட்டும் வையுங்கள். கீழ்க்கோடியில் அந்த மாதத்தில் முட்டைக்கோசும் கொத்தமல்லியும் போடலாம், இரண்டும் இலேசான உறைபனியைத் தாங்கும். பாத்திகளின் கீழ்ப்பக்கம் காய்ந்த நாணல் கரைமேல் ஏறி அடர்ந்திருந்தால், தேங்கிய காற்று வழிந்து போக அந்த இடத்தில் மட்டும் ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி விட்டு அறுத்துவிடுங்கள்; வேரைத் தோண்ட வேண்டாம், மழை வந்ததும் அது மீண்டும் துளிர்த்துக்கொள்ளும்.